அழகுப் பக்கத்தில் அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டதும் ஆசைப்பட்டு, யோசிக்காமல் பெரும் விலை கொடுத்து வாங்கிய சீரமோ க்ரீமோ முகத்தில் ஒரு மாற்றத்தையும் காட்டவில்லை என்று வருந்துகிறவர்கள் ஏராளம். பலர் தங்கள் புத்தியையே நொந்துகொள்கிறார்கள். சிலர் இந்தத் துறையே மோசடி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இரண்டிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. இத்தகைய பொருட்களைக் கலந்து, சோதித்து, குப்பியில் அடைக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். ஏமாற்றம் எந்த இடத்தில் நுழைகிறது என்பதை எங்களால் குறிப்பாகச் சொல்ல முடியும். அதைச் சொல்லவும், உங்கள் அழகுப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கவும் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

கடையில் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாம்பிள் குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்துப் புறங்கையில் தடவுகிறார்கள். உடனே தோல் வழவழப்பாகிறது, மெல்லிய பளபளப்பு வருகிறது, சுருக்கங்கள் மங்குகின்றன. வாங்குகிறவர் மனதில் முடிவு அந்த நொடியே விழுந்துவிடுகிறது. ஆனால் அந்த வழவழப்பைத் தருவது டைமெத்திகோன் போன்ற சிலிகான். அது தோலின் மெல்லிய பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்குகிறது. பளபளப்பு மைக்கா என்ற கனிமத்தின் தூளிலிருந்து வருகிறது. தோல் சற்று உப்பித் தெரிவது கிளிசரினும் தண்ணீரும் மேல் அடுக்கை நனைப்பதால். 'உடனடியாக இறுக்கும்' என்று விற்கப்படும் சீரங்கள் சிலவற்றில் சோடியம் சிலிகேட் போன்ற படலம் கட்டும் பொருள் இருக்கும். அது காயும்போது தோலை இழுத்துப் பிடிக்கும், சில மணி நேரம் நிற்கும், கழுவினால் போய்விடும். அதன்மேல் வேறு க்ரீம் தடவினாலோ, அதிகமாகச் சிரித்தாலோ வெள்ளைப் பொடியாக உதிரும். இவற்றில் எதுவும் கெட்ட பொருள் இல்லை. ஆனால் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வைட்டமினுக்கும், பெப்டைடு என்ற புரதத் துணுக்குக்கும் இந்த ஐந்து நிமிட மாற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கையில் உணர்வது ஒன்று, காசு கொடுப்பது வேறொன்றுக்கு.

புறங்கையில் சோதிப்பதிலேயே இன்னொரு பிழை உண்டு. புறங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. நெற்றி, மூக்கு, முகவாய்ப் பகுதிகளில் அவை நெருக்கமாக இருக்கின்றன. புறங்கையில் இதமாக உறிஞ்சப்பட்ட க்ரீம், மதியத்துக்குள் மூக்கின் இருபுறமும் பிசுபிசுத்து வழிவதற்கு இதுதான் காரணம். சோதிக்க வேண்டுமானால் தாடையின் ஓரத்தில் தடவி, அப்படியே வெளியே வந்து, அன்று மாலை வரை தோல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அன்றைக்கே வாங்கினால்தான் சலுகை என்று விற்பனையாளர் சொன்னால், பெட்டியின் பின்பக்கத்தை மட்டும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். முடிவெடுக்கத் தேவையான தகவலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சேர்மானப் பட்டியலில் பொருட்கள் அளவு குறையும் வரிசையில் எழுதப்படுகின்றன. எது அதிகமோ அது முதலில். ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் விதி இதுதான். ஆகவே பட்டியலில் ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு அடையாளங்கள் உண்டு. ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. கார்போமர், சாந்தன் கம் போன்ற கெட்டியாக்கிகளும், டைசோடியம் இடிடிஏ போன்ற உப்புகளும் வழக்கமாக ஒரு சதவீதத்தைத் தொடுவதில்லை. இந்தப் பெயர்கள் வரத் தொடங்கிய இடத்திலிருந்து கீழே உள்ளவை பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை. பெட்டியின் முகப்பில் தங்கம், முத்து, அரிய மலர் என்று படம் போட்டுவிட்டுப் பட்டியலில் அது ஃபீனாக்சிஎத்தனாலுக்கும் வாசனைக்கும் பின்னால் நின்றால், அது படத்துக்காகச் சேர்க்கப்பட்ட பொருள்.

ஆனால் இந்த வழியைக் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொண்டால் நல்ல பொருளையும் தள்ளிவிட நேரும். வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் பொதுவாக 0.1 முதல் 1 சதவீதம் வரைதான் சேர்க்கப்படுகிறது. அது பட்டியலின் கடைசியில் இருப்பது இயல்பு. பெப்டைடுகள் பல மில்லியனில் சில பங்கு என்ற அளவிலேயே பயன்படுத்தப்படுகின்றன. மறுபுறம் வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடு 4, 5 சதவீத அளவில் சோதிக்கப்பட்ட பொருள். அது பட்டியலின் வாலில் இருந்தால் அதற்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை. ஆக, பொருளுக்குப் பொருள் தேவையான அளவு வேறு. அந்த அளவு தெரியாமல் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களின் வேர்.

முகப்பில் சதவீதமே போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். எதன் சதவீதம் என்று பார்க்க வேண்டும். மூலப்பொருள் விற்பவர்கள் பெரும்பாலும் பெப்டைடைத் தனியாகத் தருவதில்லை. கிளிசரினும் தண்ணீரும் கலந்த கரைசலாகவே தருகிறார்கள். அந்தக் கரைசலில் பெப்டைடு மில்லியனுக்கு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கரைசலைப் பத்துச் சதவீதம் சேர்த்துவிட்டு '10 சதவீதம் பெப்டைடு காம்ப்ளெக்ஸ்' என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் குப்பிக்குள் இருக்கும் பெப்டைடு மில்லியனுக்கு 10 பங்குதான். ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹயலுரோனிக் அமிலத்திலும் இதே கதை. பல நேரம் ஒரு சதவீதக் கரைசலாக அது விற்கப்படுகிறது, கரைசலின் அளவு முகப்பில் ஏறுகிறது. மூலிகைச் சாறு என்பதும் அப்படித்தான். சாற்றில் பெரும்பங்கு கரைப்பானே, மூலிகையின் திடப்பொருள் அதில் சொற்பம். 'காம்ப்ளெக்ஸ்', 'கலவை', 'சாறு' என்று சதவீதத்தோடு ஒட்டி வரும் எதையும் அப்படியே நம்பாதீர்கள்.

அடுத்தது, உள்ளே போகுமா என்ற கேள்வி. தோலின் வெளியடுக்கு எதையும் எளிதில் விடாது. பாஸ், மெய்னார்டி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் எழுதிய கட்டுரைக்குப் பின், மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் நலமான தோலுக்குள் நுழைவது கடினம் என்பது துறையில் ஒரு பொது அளவுகோலாகவே நிலைத்துவிட்டது. வைட்டமின் சி 176, நியாசினமைடு 122, ரெட்டினால் 286. இவை நுழையக் கூடியவை. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனோ ஏறத்தாழ 3,00,000 டால்டன். கொலாஜன் க்ரீமைத் தடவினால் அது மேலே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலுக்குள் குறைந்துபோன கொலாஜனின் இடத்தில் போய் உட்காராது. ஈரம் காக்கத்தான் வேண்டும் என்றால் கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும் அந்த வேலையை எளிமையாகவும் நன்றாகவும் செய்கின்றன. தங்கத் துகள் வினைபுரியாத உலோகம். அது பளபளக்கும், அவ்வளவுதான்.

இனி, வாசகர்களை மிக அதிகமாக ஏமாற்றும் பொருளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்: வைட்டமின் சி சீரம். எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சியின் இயல்பான வடிவம், உண்மையிலேயே வேலை செய்யும் பொருள். அதனால்தான் இந்த ஏமாற்றம் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது. அது வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு. அளவு 10 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் உறிஞ்சப்படுவது கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். கரைசலின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மின்னேற்றம் பெற்ற வடிவத்தில் தோலின் வாசலிலேயே நின்றுவிடும். மூன்றாவது, அது கெடாமல் இருக்க வேண்டும். கடினமானது இந்த மூன்றாவதுதான். தண்ணீரில் கரைந்த வைட்டமின் சி காற்று, வெளிச்சம், வெப்பம் ஆகியவற்றில் எது பட்டாலும் சிதைந்துகொண்டே போகும். முதலில் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது, பிறகு திரும்ப முடியாதபடி உடைந்து மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று நிறம் மாறுகிறது.

அந்த நிறமே உங்களுக்குக் கிடைக்கும் சான்று. வெள்ளைத் தட்டில் அல்லது வெள்ளைக் காகிதக் கைக்குட்டையில் இரண்டு துளி விட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறமற்றோ வெளிறிய மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. வைட்டமின் சியைக் கெடாமல் காக்க ஃபெருலிக் அமிலம் சேர்த்தவை புதிதாக இருக்கும்போதே லேசான மஞ்சளாக இருப்பதுண்டு, அது கெட்டதற்கு அடையாளம் அல்ல. ஆரஞ்சுக்கு மேல் போய்விட்டால் வைட்டமினின் கணிசமான பகுதி போய்விட்டது என்று கொள்ளலாம். பழுப்பாகியிருந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம். அது விரல் நுனியிலும் தலையணை உறையிலும் கறையாக ஏறும். சில தயாரிப்புகளில் தொடக்கத்திலேயே ஆரஞ்சுச் சாயம் சேர்த்திருப்பார்கள், அப்போது இந்தச் சோதனை பலிக்காது. பட்டியலின் கடைசியில் 'சிஐ' என்ற எழுத்துகளும் ஐந்து இலக்க எண்ணும் இருந்தால் அது சாயம். பிஎச்சைப் பார்க்க விரும்புகிறவர்கள், 0.5 இடைவெளியில் நிறம் காட்டும் பிஎச் தாளில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் அடிப்படையிலான சீரத்துக்கு மட்டுமே இது பொருந்தும், எண்ணெயிலும் சிலிகானிலும் தாள் எதையும் காட்டாது.

இதைக் காப்பதற்கு வழி கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ கலவையோடு 0.5 சதவீத ஃபெருலிக் அமிலம் சேர்த்தபோது, கரைசல் நிலைபெற்றதோடு வெயிலின் சேதத்திலிருந்து தோலுக்குக் கிடைத்த காப்பும் சுமார் 4 மடங்கிலிருந்து 8 மடங்காக உயர்ந்தது. நல்ல தயாரிப்புகள் பல இந்தக் கணக்கை ஒட்டியே அமைகின்றன. ஆனால் அதே கலவையை வெளிச்சம் புகும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, கடை விளக்கின் கீழே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் என்ன பயன்? டிராப்பர் குப்பியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போகிறது. கருநிறக் கண்ணாடியோ, காற்றுப் புகாத பம்ப்போ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளவற்றில் மிகச் சிறிய அளவை வாங்குங்கள். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், குளியலறை அலமாரியில் வேண்டாம். திறந்தபின் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், அஸ்கார்பில் குளுக்கோசைடு போன்ற மாற்று வடிவங்கள் இவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் அவை தோலுக்குள் போய் வைட்டமின் சியாக மாற வேண்டும். தோல் எளிதில் எரிகிறவர்களுக்கு அவை பொருத்தம், வேகமான பலனை எதிர்பார்க்கிறவர்களுக்கு அல்ல.

ரெட்டினாலுக்கும் ஏறத்தாழ இதே எச்சரிக்கைதான். அகன்ற வாய் ஜாடியில் ரெட்டினால் க்ரீம் வந்தால், மேசையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அலுமினிய ட்யூப் அதற்கு உகந்தது. கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினாலை முற்றிலும் தவிர்க்க வேண்டும். ஜாடிகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: இரட்டைச் சுவர் கொண்ட கனத்த ஜாடி கையில் பெரிதாகத் தெரியும், உள்ளே இருப்பது அதில் பாதியாக இருக்கலாம். நிகர அளவைப் படித்துவிட்டு, ஒரு மில்லிலிட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்ப்பது நல்லது.

அந்த மில்லிலிட்டர் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். தண்ணீர் போன்ற சீரம் 1 மி.லி.க்குச் சுமார் 20 துளி. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு 8 முதல் 10 துளி தேவை. காலையும் இரவும் தடவினால் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.லி. ஆக 30 மி.லி. குப்பி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். இப்போது பலன் தெரியும் காலத்தைப் பாருங்கள். ஈரப்பதம் அன்றைக்கே தெரியும். முகப்பரு குறைய 6 முதல் 8 வாரம் வேண்டும். தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்பட இளம் வயதிலேயே நான்கு வாரம் போல ஆகிறது, வயது ஏற ஏற அது நீள்கிறது. ஆகவே கரும்புள்ளிகள் மங்க 8 முதல் 12 வாரம் ஆகும். மெல்லிய சுருக்கங்களுக்கு 12 வாரத்துக்குக் குறைந்து எதையும் தீர்மானிக்க முடியாது. சுருக்கத்துக்காக 30 மி.லி. சீரம் வாங்குகிறவர் உண்மையில் மூன்று குப்பிக்கான செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறார். இதை யாரும் கடையில் சொல்வதில்லை. முதல் குப்பி தீரும்போது மாற்றம் எதுவும் தெரியாமல் நிறுத்திவிடுகிறார், கொடுத்த பணமும் போகிறது, பொருள் நல்லதா இல்லையா என்பதும் தெரியாமலே போகிறது. மூன்று குப்பிக்கு மனம் ஒப்பாவிட்டால் ஒன்றையும் வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

'மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது', 'தோல் மருத்துவர் சோதித்தது', 'ஒவ்வாமை தராதது' போன்ற வாசகங்களில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்னதற்கு அமெரிக்காவில் சட்டப்படியான வரையறையே கிடையாது. சதவீதத்தின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். கருவி வைத்து அளந்ததா, பயன்படுத்தியவர்கள் தாங்களாகச் சொன்ன கருத்தா, எத்தனை பேர், எத்தனை வாரம் என்பது அங்கே இருக்கும். முக்கியமாக, அந்தச் சிறப்புப் பொருள் இல்லாத வெறும் க்ரீமோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். ஒப்பிடாமல் விட்டிருந்தால், தெரிந்த முன்னேற்றம் கிளிசரினால் வந்ததாகவும் இருக்கலாம்.

ஃபவுண்டேஷன் வாங்கி வருந்துகிறவர்களின் சிக்கல் வேறு. கடையில் தோலோடு இழைந்த நிறம் ஒரு மணி நேரத்தில் கருத்துப்போவது ஏன்? காற்றில் 'ஆக்சிடைஸ்' ஆகிவிட்டது என்பார்கள். அதில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு, அது சில மணி நேரத்தில் காற்றுப் பட்டு மாறுகிற பொருள் அல்ல. உண்மையில், அதில் உள்ள எளிதில் ஆவியாகும் சிலிகானும் தண்ணீரும் பறந்துபோய் நிறத்துகள்கள் நெருங்கிப் படிகின்றன. முகத்தின் எண்ணெய் அந்தத் துகள்களை நனைக்கும்போது, நனைந்த மண் கருத்துத் தெரிவதுபோல நிறம் ஆழமாகிறது. ஆகவே தாடையிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடாகத் தடவி, அரை மணி நேரம் கழித்து, வெளியே பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்ட கருத்த ஃபவுண்டேஷனில் மாய்ஸ்சரைசரைக் கலந்தால் மூடும் திறன்தான் குறையும், நிறம் அவ்வளவாக வெளிறாது. அதற்கென வரும் வெள்ளை மிக்ஸர் வேண்டும். அதுவும் சிலிகான் அடிப்படைக்குச் சிலிகான், தண்ணீர் அடிப்படைக்குத் தண்ணீர் என்று பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் திரிந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் எச்சரிக்கை. பயனில்லாத க்ரீமால் பணம்தான் போகும். நான்கைந்து நாளில் முகத்தை வெளுக்கச் செய்யும் க்ரீம்தான் ஆபத்தானது. பட்டியலில் சொல்லாமல் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டோ பாதரச உப்போ கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை மில்லியனுக்கு 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள சருமம் வெளுக்கும் க்ரீம்களையும் சோப்புகளையும் 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. ஆனாலும் அவை ஒழிந்தபாடில்லை. தடவுவதை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிவது, பருக்கள் கொத்தாகக் கிளம்புவது, மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிவது, கன்னத்தில் முடி வளர்வது ஆகியவை ஸ்டீராய்டின் அடையாளங்கள். அந்தக் க்ரீமையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, வாங்கியாகிவிட்டது, குப்பி மேசையில் இருக்கிறது. இனி என்ன செய்யலாம்?

முதலில் பேட்ச் டெஸ்ட். உள் முழங்கையில் ஒரு நாணயம் அளவு இடத்தில் நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள் வரை தடவுங்கள். ஒரே நாளில் முடிவு கட்டுவது போதாது. எரிச்சல் பெரும்பாலும் சீக்கிரமே தெரியும், ஒவ்வாமையோ 24 முதல் 72 மணி நேரம் கழித்து அரிப்பும் தடிப்புமாக வரலாம், சில வேளைகளில் பலமுறை தடவிய பிறகே எழும். வாசனைப் பொருட்கள் இதில் முக்கியக் குற்றவாளிகள். லினலூல், லிமோனீன் இரண்டும் காற்றுப் பட்டு நாளாக ஆக இன்னும் அதிகமாக ஒவ்வாமை தூண்டும் பொருட்களாக மாறுகின்றன. தோலில் தங்கும் பொருளில் இத்தகைய வாசனைகள் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருப்பது இதனால்தான்.

கையில் ஒன்றும் ஆகவில்லை என்றால், முகம் முழுவதும் தடவாதீர்கள். பாதி முகத்தில் மட்டும் தடவுங்கள். வலக் கன்னம் என்றால் கடைசி வரை வலக் கன்னம்தான். இடப்பக்கம் வழக்கமான மாய்ஸ்சரைசர் மட்டும். சன்ஸ்கிரீன் இரு பக்கமும் ஒரே அளவு, இல்லையென்றால் வெயிலே ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஜன்னலருகில், ஒரே நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒரே தூரத்திலிருந்து இரு கன்னங்களையும் படம் எடுங்கள். எட்டு வாரம் கழித்து எந்தப் பக்கம் தடவினோம் என்று தெரியாத ஒருவரிடம் படங்களைக் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். பாதி முகம் என்பதால் நாளுக்கு அரை மி.லி.தான் செலவாகும். ஒரு மாதத்தில் தீர வேண்டிய 30 மி.லி. குப்பி, எட்டு வாரச் சோதனைக்குப் போதுமானதாகிவிடும். சுருக்கத்துக்கு மட்டும், மேலே சொன்னபடி, 12 வாரம் வேண்டும், அதற்கு இரண்டாவது குப்பி தேவைப்படும். இந்தச் சோதனைக் காலத்தில் வேறு புதுப் பொருள் எதையும் தொடங்கக் கூடாது.

பலர் பொருளின் மேல் போடும் குறைகளில் சில, தடவும் முறையால் வருபவை. க்ரீம் முகத்தில் அழுக்குத் திரிபோல உருண்டு வருவது அவற்றில் ஒன்று. கார்போமர் போன்ற கெட்டியாக்கி உள்ள சீரம் காய்வதற்குள் சிலிகான் மிகுந்த க்ரீமை அதன்மேல் தேய்த்தால் இரண்டும் ஒட்டாமல் திரளும். அளவைக் குறைத்து, நடுவில் சில நிமிடம் விட்டு, தேய்க்காமல் ஒற்றித் தடவினால் பெரும்பாலும் சரியாகும். சன்ஸ்கிரீனில் மட்டும் அளவைக் குறைக்கவோ அதோடு எதையும் கலக்கவோ வேண்டாம்.

பருக்கள் கிளம்பினால் 'உள்ளிருக்கும் அழுக்கு வெளியேறுகிறது, விடாமல் தடவுங்கள்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரெட்டினால், சாலிசிலிக் அமிலம், கிளைக்காலிக் அமிலம் போலத் தோல் புதுப்பிப்பை விரைவுபடுத்தும் பொருட்களில் தொடக்கத்தில் சில வாரங்கள் பரு கூடுவது உண்டு. வழக்கமாகப் பரு வரும் இடங்களிலேயே வரும், 4 முதல் 6 வாரத்தில் அடங்கும். ஆனால் வெறும் மாய்ஸ்சரைசரோ முக எண்ணெயோ தடவி, முன்பு பருவே வராத கன்னத்தில் பரு கிளம்பினால் அதற்கு இந்த விளக்கம் பொருந்தாது. அந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காசு கொடுத்துவிட்டோமே என்று தொடர்வதைவிட அன்றே நிறுத்துவது மேல்.

எரிச்சல் தராத, ஆனால் முகத்துக்கு உதவாத க்ரீமைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கனத்த க்ரீம் குதிகாலுக்கும் முழங்கைக்கும் நன்றாகவே உழைக்கும். ஹயலுரோனிக் சீரத்தை ஈரக் கையில் தடவி மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசலாம். பெட்டியில் திறந்த ஜாடிப் படத்துக்குள் '6எம்', '12எம்' என்று இருப்பது திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதன் குறி. திறந்த தேதியை அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். சோதனை முடியும் வரை பெட்டி, ரசீது, தொகுதி எண் மூன்றையும் வைத்திருங்கள். ஒவ்வாமை வந்து புகார் செய்யவோ, மருத்துவரிடம் காட்டவோ நேர்ந்தால் இவை இல்லாமல் எதுவும் நகராது.

இப்போது எங்கள் வேண்டுகோள். உங்கள் அழகுப் பக்கத்தில் ஒரு சீரத்தையோ க்ரீமையோ பரிந்துரைக்கும்போது, அதன் மணத்தையும் பெட்டியின் அழகையும் பற்றி எழுதும் இடத்தில் சில விவரங்களைச் சேர்த்து அச்சிடுங்கள். செயல்படும் பொருள் எது, அது எத்தனை சதவீதம், அந்தச் சதவீதம் பொருளுக்கா, கரைசலுக்கா? நிறுவனம் சொல்ல மறுத்தால், மறுத்தது என்றே எழுதுங்கள், அதுவும் வாசகருக்கு ஒரு தகவல்தான். எப்படிப்பட்ட கொள்கலன், வாசனை சேர்த்திருக்கிறதா, ஒரு குப்பி எத்தனை நாள் வரும், பலன் தெரிய எத்தனை வாரம்? விமர்சனம் எழுதியவர் எத்தனை வாரம் பயன்படுத்திய பிறகு எழுதினார், பொருள் இலவசமாக வந்ததா என்பதும் வேண்டும். விற்பனைக்கு வந்த வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனம், நாங்கள் மேலே சொன்ன சிலிகானையும் மைக்காவையும் பற்றிய விமர்சனமாகவே இருக்க முடியும். இத்தனையையும் ஒரே இதழில் கொண்டுவர இடம் போதாது என்றால், சதவீதத்தையும் கொள்கலனையும் மட்டுமாவது வரும் இதழிலிருந்து தொடங்குங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
அழகுப் பொருள் தயாரிப்புத் துறையில் பணிபுரியும் உங்கள் வாசகர்கள்